கால்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள்

என் மகளின் முதல் பிறந்தநாளன்று எடுத்த காணொளி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏழு நிமிடம் ஓடும் அதில் அவள் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நான்கைந்து அடி நடக்கிறாள், நிற்கிறாள், மறுபடியும் நடக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் கைப்பேசியுடன் நிற்கும் நான், "கையை விட்டுட்டு வா, அப்பாகிட்ட வா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளைவிட மூன்று வாரம் இளையவனான என் தங்கை மகன் அதே அறையில் யாரையும் பிடிக்காமல் நடந்து திரிந்துகொண்டிருந்ததால் வந்த பதற்றம் அது. அண்மையில் அந்தக் காணொளியை மறுபடி பார்த்தபோது எண்ணிப் பார்த்தேன். பதினொரு முறை அவள் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறேன். ஒரு முறைகூட அவள் திரும்பவில்லை.

அவளுக்கு இரண்டு காதுகளிலும் மிதமான செவித்திறன் குறைபாடு இருக்கிறது என்று உறுதியானபோது அவளுக்கு 16 மாதம் முடிந்திருந்தது. என் மனைவி தன் சந்தேகத்தை முதன்முதலில் சொன்னது 10ஆம் மாதத்தில். இடைப்பட்ட ஆறு மாதத்தை நான் எப்படித் தொலைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். மனைவி வேலையின் பொருட்டு வாரத்தில் ஐந்து நாள் வேறு ஊரில் தங்க வேண்டியிருந்தது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபடி குழந்தையைக் கவனித்துக்கொண்டேன். ஆகவே பகல் முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். கவனிக்கத் தவறியவனும் நான்தான்.

என் பார்வை முழுவதும் அவள் கால்களில் இருந்தது. 11 மாதத்தில், நடுவில் குழந்தையை உட்காரவைத்துச் சக்கரத்தில் உருளச் செய்யும் வாக்கர் ஒன்றை வாங்கினேன். அடுத்ததாகக் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கெட்டியான காலணி வந்தது. பிறகு கால் தசைகளை வலுவாக்குவதாகச் சொன்ன ஒருவரை வாரம் இருமுறை வீட்டுக்கு வரவழைத்து இரண்டு மாதம் பணம் கொடுத்தேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பிற்பாடு அவளுக்குத் தேவைப்பட்ட பரிசோதனைகள் அனைத்தையும் அந்தப் பணத்திலேயே இருமுறை செய்திருக்கலாம்.

வாங்குவதற்கு முன் சற்று நேரம் ஒதுக்கிப் படித்திருந்தால் இதில் ஒன்றையும் வாங்கியிருக்க மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையின்றி நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். அந்த ஆய்வில் இருந்த குழந்தைகளில் 4.3 விழுக்காட்டினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும், பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு வயதுக் குழந்தை தன் நேரத்தில் நடந்துவிடும். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும். வாக்கரோ நடையைக் கற்றுத் தருவதில்லை. நுனிக்காலால் உந்திக்கொண்டு போகப் பழக்குகிறது, படிக்கட்டு பக்கம் போனால் குழந்தையோடு உருண்டுவிடுகிறது. கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நடக்கப் பழகும் காலத்தில் வீட்டுக்குள் வெறுங்காலே போதும். தரையை உணரும் பாதம்தான் சமநிலையைக் கற்றுக்கொள்ளும்.

இனி, நான் பார்க்காமல் விட்டவற்றைச் சொல்கிறேன். அவள் மிக அமைதியான குழந்தை என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பக்கத்து அறையில் நான் தொலைபேசியில் சத்தமாகப் பேசினாலும் தூக்கம் கலையாது. ஆறேழு மாதத்தில் "ஆ", "ஊ" என்று இழுத்துக் குரல் கொடுத்தவள், அதற்கு மேல் "பபப", "தததா" என்று மெய்யும் உயிரும் கலந்த அசைகளை அடுக்கும் நிலைக்கு வரவே இல்லை. பத்து மாத அளவில் அந்தப் பழைய ஒலிகளும் குறைந்துபோயின. நாங்கள் பேசும்போது வாயையே உற்றுப் பார்ப்பாள். அதை அறிவுக்கூர்மை என்று நான் பெருமைப்பட்டேன். தூங்கும்போது தொட்டால் சட்டென்று விழித்துக்கொள்வாள், கூப்பிட்டால் விழிக்க மாட்டாள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு நல்ல விளக்கம் இருந்ததுதான் சிக்கல். குழந்தை தொந்தரவு கொடுத்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். தொந்தரவே கொடுக்காத குழந்தையைப் பற்றி யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

ஐயம் எழுந்தது என் மனைவிக்கு. வாரக் கடைசியில் மட்டும் பார்த்ததால்தான் அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. "நான் உள்ளே வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை, என்னைப் பார்த்த பிறகுதான் துள்ளினாள்" என்று ஒரு வெள்ளிக்கிழமை இரவு சொன்னாள். நான் உடனே குழந்தையின் பின்னால் போய் நின்று பலமாகக் கைதட்டினேன், குழந்தை திரும்பினாள். "பார்த்தியா?" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இந்த வீட்டுச் சோதனையை எத்தனையோ வீடுகளில் செய்கிறார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். அது ஏன் ஏமாற்றும் என்பதையும் அறிந்தேன். அருகில் கைதட்டும்போது காற்று அசைகிறது, தரை அதிர்கிறது, நிழல் விழுகிறது. செவி அறவே கேளாத குழந்தைகூடத் திரும்பிவிடலாம். அதைவிட முக்கியமானது, மிதமான குறைபாடு உள்ள குழந்தைக்குக் கைதட்டல், கதவு அறையும் ஓசை, நாய் குரைப்பு எல்லாமே கேட்கும். கேட்காமல் போவது பேச்சின் மெல்லிய பகுதிகள்தான். ஆகவே உங்கள் கைதட்டலுக்குக் குழந்தை திரும்பினால், அதை எதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பிறந்தநாளையொட்டி, ஒரு வயதில் பெரும்பாலான குழந்தைகள் செய்யக்கூடியவை என்று ஒரு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். பிடித்து எழுகிறாள், பிடித்து நடக்கிறாள், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துச் சிறு பொருளை எடுக்கிறாள், டப்பாவுக்குள் கட்டையைப் போடுகிறாள், துணிக்கடியில் ஒளித்ததைத் தேடுகிறாள், கையசைத்தால் திரும்பக் கையசைக்கிறாள், மூடியில்லாத கோப்பையில் நாம் பிடித்துக்கொடுத்தால் குடிக்கிறாள், கைதட்டி விளையாடுகிறாள். "அம்மா", "அப்பா" போல எதையும் சொல்லவில்லை; "வேண்டாம்" என்றால், முகத்தைப் பார்க்காதபோது, நிறுத்துவதில்லை. பத்துக்கு எட்டு என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். தேர்வுத்தாள் திருத்துவதைப் போல மதிப்பெண் கூட்டியது என் தவறு. இத்தகைய பட்டியலில் எத்தனை விடுபட்டன என்பதைவிட, விடுபட்டவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே பார்க்க வேண்டியது. எங்களுக்கு விடுபட்ட இரண்டுமே காது வழியாக வரவேண்டியவை.

ஒரு வயதுத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் நடையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அவர் அவளை மேசையைப் பிடித்து நிற்கவைத்துப் பார்த்து, கவலையே வேண்டாம் என்றார். அது சரியான பதில். வெளியே வரும்போது, மனைவிக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதற்காக, "பேச்சு இன்னும் வரவில்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டி, பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையில் தேர்ச்சி என்று இருப்பதைக் காட்டினார். சில குழந்தைகள் தாமதமாகப் பேசுவார்கள், 18 மாதம் வரை பார்க்கலாம் என்றார். எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. நிம்மதி தரும் பதிலை நாம் மறுகேள்வி கேட்பதில்லை.

நான் கேட்டிருக்க வேண்டியவை இரண்டு. பேச்சு வரவில்லை என்பதும் ஒலிக்குத் திரும்பவில்லை என்பதும் வேறு வேறு புகார்கள். முதலாவதற்குச் சிறிது காலம் காத்திருக்கலாம், இரண்டாவதற்குக் காத்திருக்கக் கூடாது. அதைத் தனியாகச் சொல்லி, "உங்கள் கருத்து என்ன" என்று கேட்காமல், "பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்தது, பிறந்த சில நாளில் செய்யும் பரிசோதனை அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. லேசான குறைபாடு அதில் தப்பிவிடலாம். பிறகு மெல்ல மெல்லக் கூடும் குறைபாடு அன்று இருந்திருக்கவே செய்யாது. மரபணுக் காரணங்கள், கருவில் ஏற்படும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்றவை பிற்காலத்தில் செவியைப் பாதிக்கலாம். பெற்றோருக்கு ஐயம் இருக்கிறது என்பதே மறுபரிசோதனைக்குப் போதுமான காரணம் என்று செவித்திறன் துறையின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

14ஆம் மாதத்தில் ஒரு பிற்பகல் என் கைப்பேசியின் நினைவூட்டல் மணி, அவள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கீச்சென்று அடிக்கத் தொடங்கியது. அவள் தலை நிமிரவில்லை. நான் எழுந்து போய் அணைப்பதற்குள் மாடியில் யாரோ கதவை அறைந்தார்கள், அதற்குத் திடுக்கிட்டாள். கனத்த ஓசை கேட்கிறது, மெல்லிய கூர்ந்த ஓசை கேட்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஏதோ தவறு என்பது மட்டும் வயிற்றில் இறங்கியது. அன்றிரவு முழுவதும் தேடிப் படித்தேன். பெயருக்குத் திரும்பாதது ஆட்டிசத்தின் அறிகுறி என்று எங்கும் இருந்தது. அது உண்மைதான். ஆனால் அந்த ஐயத்துக்கும் முதலில் செய்வது செவிப் பரிசோதனையே என்ற வரியை நான் மூன்று நாள் கழித்தே கண்டேன். அந்த மூன்று நாளும் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல், குழந்தை கண்ணைப் பார்க்கிறாளா, விரலால் சுட்டிக் காட்டுகிறாளா என்று திருடனைப் போல ஒளிந்து நோட்டமிட்டேன். அவள் சுட்டிக்காட்டினாள், பார்த்தாள், சிரித்தாள். எனக்குத்தான் தூக்கமில்லை.

பரிசோதனைக்கு நேரம் கேட்டு ஒரு மையத்தின் தொலைபேசியில் காத்திருந்த காலைப்பொழுதில்தான் அவள் சோபாவை விட்டுவிட்டு, ஐந்து அடி, தனியாக நடந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமாக நான் காத்திருந்த காட்சி அது. எதிர்முனையில் ஒரு குரல் பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டிருந்தது, நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்த பரிசோதனை எளிது. காதுக்குள் சிறு முனையை வைத்து, செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி. பிறகு, உட்காது திருப்பி எழுப்பும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கேட்கும் திறன் குறையும், பெரும்பாலும் சில மாதத்தில் தானே வற்றிவிடும் என்பதால் அதையே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். செவிப்பறை நன்றாக அசைந்தது, ஆகவே நீர் இல்லை. ஆனால் எதிரொலி வரவில்லை. அடுத்தது பெரா என்று எல்லோரும் அழைக்கும் பரிசோதனை. தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலியைச் செலுத்தி, நரம்பும் மூளைத்தண்டும் அதற்குக் காட்டும் எதிர்வினையைப் பதிவு செய்வார்கள். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முதல் நாள் அவள் வழியிலேயே காரில் தூங்கி, அங்கே போனதும் விழித்துக்கொண்டாள், கட்டணம் போனது. இரண்டாம் நாள் ஒரு காது முடிந்ததும் எழுந்துவிட்டாள். மூன்றாவது முறைதான் முடிந்தது. இதில் மூன்று வாரம் கரைந்தது.

போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவைத்து அதிகாலையில் எழுப்பிவிடுங்கள். வண்டியில் குழந்தையைத் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டுவதற்கென்றே ஓர் ஆளை அழைத்துச் செல்லுங்கள். தனியாக ஓட்டிக்கொண்டு போன எனக்கு அது முடியவில்லை. மின்முனைகளை ஒட்டிய பிறகு பால் கொடுக்கலாமா, பாதியில் நின்றால் மறுபடி கட்டணம் உண்டா, மயக்க மருந்து தருவார்களா, தந்தால் எவ்வளவு நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் அன்று எண்ணெய் வைக்காதீர்கள், மின்முனை ஒட்டாது.

அந்தக் காத்திருப்பு அறையில்தான் முதன்முறையாக மற்றப் பெற்றோர்களிடம் பேசினேன். ஒருவருடைய மகன் தவழவே இல்லை, உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து திரிந்து 17ஆம் மாதத்தில் ஒரே நாளில் எழுந்து நடந்தானாம். இன்னொருவருடைய குழந்தை இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவள். பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணித்தான் இரண்டு வயது வரை வளர்ச்சியை மதிப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லாததால், முதல் பிறந்தநாள் முழுவதும் அழுதிருக்கிறார். அவள் உண்மையில் பத்து மாதக் குழந்தையாகச் சரியாகத்தான் இருந்திருக்கிறாள். மூன்றாவது தாய் சொன்னது என்னை உலுக்கியது. அவருடைய மகன் 9 மாதத்திலேயே எல்லாவற்றையும் இடக்கையால் மட்டும் எடுத்தானாம். இடக்கைப் பழக்கம் என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள். ஒரு வயதுக்குள் ஒரு கையையே விரும்பிப் பயன்படுத்துவது மறுகையில் பலவீனம் இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம் என்பது பின்னர்தான் தெரிந்ததாம். நாங்கள் இருவரும் பெருமைப்பட்ட விஷயங்களைப் பற்றிச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை, அது நன்றாக இருந்தது.

முடிவைச் சொன்ன ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், ஒரு வரைபடத்தைக் காட்டினார். கனத்த தாழ்ந்த ஒலிகள் அவளுக்கு ஓரளவு கேட்கின்றன. கூர்ந்த உயர்ந்த ஒலிகளுக்கு வரும்போது கோடு சரிந்து 60 டெசிபலைத் தொடுகிறது, அதாவது ஒலி அவ்வளவு உரக்க இருந்தால்தான் அவளுக்குக் கேட்கும். சாதாரண உரையாடல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல்தான். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, வலிமையானவை. "ச", "த", "க" போன்றவற்றின் கூர்மை மேலே இருக்கிறது, மெலிந்தும் இருக்கிறது. ஆக, ஓராண்டாக நான் அழைத்த பெயர் அவளுக்கு இரண்டு உயிரொலிகளின் மங்கலான இழுவையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் திருப்பித் தந்த "ஆ", "ஊ" எல்லாம் கேட்டதைக் கேட்டபடியே சொன்னவை. எனக்கு அழுகை வந்தது அங்கேதான். காரணம் எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சைட்டோமெகலோ வைரஸ் கருவிலேயே தொற்றியதா என்பதைப் பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்த மாதிரியில்தான் உறுதியாகக் காண முடியுமாம். செவிக்குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது நெடுங்கால இலக்கு என்றும் அவர் சொன்னார். எங்கள் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காது கேட்கும் கருவிகளின் விலையை எங்கள் காப்பீடு ஏற்கவில்லை. மறுத்து எழுதிய கடிதத்தை வைத்து மேல்முறையீடு செய்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ஆகவே முதல் மறுப்போடு நிறுத்திவிடாதீர்கள். கருவியின் விலையைக் கேட்கும்போதே காதுக்குள் பொருந்தும் அச்சின் விலையையும் கேளுங்கள், ஏனெனில் இந்த வயதில் காது வளர்ந்துகொண்டே இருப்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை அச்சை மாற்ற வேண்டும். தளர்ந்த அச்சு விசிலடிக்கும். மின்கல அறைக்குப் பூட்டு இருக்க வேண்டும். குழந்தை அதை விழுங்குவது உயிருக்கே ஆபத்து. தொலைந்தால் மாற்றித் தரும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

முதல்முறை கருவியை மாட்டியதும் குழந்தை கண்கள் விரியச் சிரிக்கும் காணொளிகளை நிறையப் பார்த்துவிட்டுப் போனேன். என் மகள் அலறினாள். இரண்டையும் பிடுங்கி எறிந்தாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நிலைக்கு வர இரண்டு மாதம் ஆனது. மாட்டியவுடன் அவளுக்குப் பிடித்த விளையாட்டைத் தொடங்குவது, எறிந்தால் திட்டாமல் பத்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டுவது, சட்டையில் கிளிப் போட்டுக் கட்டுவது ஆகிய மூன்றும்தான் உதவின. மூன்றாம் வாரத்தில் நான் நாளிதழின் பக்கத்தைப் புரட்டியபோது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். தாளின் சரசரப்பு. நான் மறுபடி புரட்டினேன், மறுபடி பார்த்தாள். அன்று அந்த நாளிதழை யாரும் படிக்கவில்லை.

18 மாதத்தில் "பபப" தொடங்கியது. பேச்சுப் பயிற்சியாளர் அவளைப் பேச்சில் ஒன்பது மாதக் குழந்தையாகவே எண்ணிப் பழகச் சொல்கிறார். இப்போது 21 மாதம். "அம்மா" இருக்கிறது, "பா" இருக்கிறது, அது நானா பந்தா என்பது இடத்தைப் பொறுத்தது. நேற்று வலது காதுக் கருவியைக் காணாமல் ஒரு மணி நேரம் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினோம். கணுக்காலைத் தாங்கும் என்று வாங்கி ஒரு நாளும் அவள் போடாத அந்தக் கெட்டிக் காலணிக்குள் இருந்தது.